தேர்தல் யாரைத் தருகிறது?

ஒற்றையடி:
கப்பலுக்கு மாலுமியைப் பயணிகள் ஓட்டுப் போட்டா தேர்ந்தெடுப்பார்கள் என்று பிளேட்டோ கேட்டு 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதற்கு நேரான பதிலை இதுவரை யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

தேர்தலில் ஜெயிப்பது ஒரு திறமை. நாட்டை நடத்துவது வேறு திறமை. முதலாவது கைவந்தவருக்கு இரண்டாவதும் வரும் என்று என்ன நிச்சயம்? நன்றாக மேடையேறிப் பேசுகிறார் என்பதற்காகக் கருவூலச் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அவருடைய பார்வையும் அடுத்த தேர்தல் வரைக்கும்தான் எட்டும். இன்றைக்குச் செலவு, இருபது ஆண்டு கழித்துப் பலன் என்கிற எந்த வேலைக்கும் ஓட்டு விழாது. ஏறுகிற கடல்மட்டத்துக்கு ஐந்தாண்டுக் கணக்கெல்லாம் தெரியாது.

வாக்காளரைத் திட்டவும் மனம் வரவில்லை. ஒரு கோடி ஓட்டில் என் ஓட்டு எதையும் மாற்றப் போவதில்லை என்று தெரிந்த பிறகு நான் எதற்கு ராக்கண் விழித்து வரவுசெலவுத் திட்டத்தைப் படிக்க வேண்டும்? படிக்காமல் விடுவதுதான் தனி ஆளுக்கு லாபம். எல்லோரும் அந்த லாபத்தைப் பார்த்தால் நாட்டுக்கு நட்டம்.

சீனாவில் ஏறக்குறைய 605இலிருந்து 1905 வரை தேர்வு வைத்துத்தான் அதிகாரிகளை எடுத்தார்கள். சிங்கப்பூர் ஒரே தலைமுறையில் எங்கிருந்து எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். தகுதி பார்த்து ஆளை அமர்த்தும் ஆட்சி என்றதும் ஏன் எல்லோரும் பதறுகிறோம்? "ஜனநாயகம் மோசம்தான், மற்றதெல்லாம் அதைவிட மோசம்" என்ற சர்ச்சில் வசனத்தைத் தயவுசெய்து யாரும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

சுண்டெலி:
தூக்கிக்கொண்டு பாதி வழி வந்துவிட்டேன், திரும்பிப் போகிறேன். போகிற போக்கில் ஒன்று: போரில் ஜெயித்துக் கொடுத்த அந்த மனிதரையே 1945 தேர்தலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரும் போனார்.

இரவல் குடை:
சுண்டெலி விளையாட்டாகச் சொன்னதுதான் என் பதில். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மாலுமி உதாரணத்தில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. கப்பல் எங்கே போக வேண்டும் என்பது அதில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. காற்றும் அலையும் மாலுமிக்குத் தெரியும், சரி. எந்தத் துறைமுகத்துக்குப் போவது என்பதை அவர் எப்படி முடிவு செய்வார்? ஆஸ்பத்திரிக்கு வரி போடலாமா, அந்த வரியை யார் தலையில் கட்டுவது என்பதற்கெல்லாம் நிபுணர் கிடையாது. அதில் அவரவருக்கு ஒரு பங்கு வலி, ஒரு பங்கு லாபம். அவ்வளவுதான்.

உங்கள் உதாரணங்களுக்கு வருகிறேன். சீனத் தேர்வு அதிகாரிகளைத்தான் எடுத்தது, பேரரசரை இல்லை. உச்சியில் இருந்தவர் பிறப்பாலோ வாளாலோ வந்தவர். சிங்கப்பூரில் தேர்தலே இல்லையா என்ன? அங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம். 1959 முதல் ஒரே கட்சி ஜெயித்து வருகிறது. எதிர்க்கட்சிக்கு எவ்வளவு மூச்சுவிட இடம் கொடுத்தார்கள் என்பது தனிக் கதை. ஆனாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் முன் போய் நின்றாக வேண்டிய ஆட்சி அது.

சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூவைக் காட்டுகிறீர்கள். மொபுட்டுவை யார் காட்டுவது? 1965இல் சிங்கப்பூர் தனி நாடான அதே ஆண்டில் காங்கோவில் ஆட்சியைப் பிடித்தவர் அவர். 32 ஆண்டுகள் ஆண்டார், நாட்டைச் சுரண்டி ஓட்டாண்டியாக்கிவிட்டுப் போனார். வருகிறவர் லீயா மொபுட்டுவா என்று முதல் நாளில் எந்தத் தேர்வுத் தாள் சொல்லும்? தப்பான ஆள் வந்துவிட்டால் ரத்தம் சிந்தாமல் இறக்க என்ன வழி என்பதைச் சொல்லுங்கள், அப்புறம் தகுதியைப் பற்றிப் பேசலாம்.

ஒற்றையடி:
இறக்கும் வழி முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுப் பெட்டியால் வந்தவர்கள் பெட்டியையே தூக்கி எறிந்த கதையும் இருக்கிறதே. 1933 மார்ச் 23 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் தன் சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லர் அரசுக்கு எழுதிக் கொடுத்தது, 444க்கு 94. முறைப்படி வாக்கெடுப்பு நடந்தது.

இரவல் குடை:
முறைப்படியா? கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளே வரவே விடவில்லை, பலரைப் பிடித்து உள்ளே தள்ளியிருந்தார்கள். அவையைச் சுற்றி அடியாட்கள் நின்றார்கள். அதற்கு முந்தைய நவம்பரில், ஓரளவு சுதந்திரமாக நடந்த கடைசித் தேர்தலில், நாஜிகளுக்கு விழுந்தது 33 விழுக்காடு. ஹிட்லரைப் பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்தவர் குடியரசுத் தலைவர். "இவரை நாங்கள் அடக்கி வைத்துக்கொள்வோம்" என்று நினைத்த மேல்தட்டு அனுபவசாலிகள் அதற்குப் பக்கபலம். நீங்கள் கேட்கிற தகுதியெல்லாம் உள்ளவர்கள்!

கணக்குவாத்தியார்:
இரண்டு பேரும் பெரிய பெரிய பெயர்களைச் சொல்லிச் சண்டை போடுகிறீர்கள். என் குறை அதைவிடச் சின்னது, எண்ணிப் பார்க்கக் கூடியது. மக்கள் என்ன சொன்னார்கள் என்பதையே தேர்தல் சரியாகக் காட்டுவதில்லை.

பிரிட்டனில் 2024இல் தொழிற்கட்சி வாங்கியது 33.7 விழுக்காடு ஓட்டு. கிடைத்தது 650இல் 411 இடம். மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நாற்காலி. இந்தியாவில் 2014இல் பகுஜன் சமாஜ் கட்சி நாடு முழுவதும் சேர்த்து 4 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியது. ஓட்டுக் கணக்கில் மூன்றாவது பெரிய கட்சி, மக்களவையில் பூஜ்யம். தொகுதியில் முந்தியவருக்கே முழுதும் என்ற முறை செய்கிற வேலை இது. பானை நிறையப் போட்டாலும் அகப்பையில் எது வரும் என்பது அகப்பையின் வளைவைப் பொறுத்தது.

வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற அளவில் இடம் கொடுக்கும் விகிதாசார முறைக்கு மாறலாம், நியூசிலாந்து 1996இல் மாறியது. அதிலும் சிக்கல் உண்டு. பெல்ஜியத்தில் 2010 தேர்தலுக்குப் பிறகு கூட்டணி பேசிப் பேசி 541 நாள் முழு அரசே இல்லாமல் ஓடியது. (நாடு ஒன்றும் முங்கிவிடவில்லை என்பது வேறு விஷயம். யோசிக்க வைக்கிற விஷயமும்கூட.)

இதற்கும் அடியில் ஒரு கோளாறு இருக்கிறது. மூன்று பேர், மூன்று திட்டம். முதல் ஆள் பள்ளி, சாலை, அணை என்று வரிசைப்படுத்துகிறார். இரண்டாமவர் சாலை, அணை, பள்ளி. மூன்றாமவர் அணை, பள்ளி, சாலை. இப்போது எண்ணுங்கள். பள்ளியா சாலையா என்றால் இருவர் பள்ளி பக்கம். சாலையா அணையா என்றால் இருவர் சாலை பக்கம். அப்படியானால் அணையைவிடப் பள்ளிதானே மேல்? இல்லை, அணையா பள்ளியா என்று கேட்டால் இருவர் அணை பக்கம்! ஒருவருக்கும் புத்தி கோணவில்லை, கூட்டினால் மட்டும் கோணுகிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கணிதர் கோந்தர்சே இதைக் கண்டார். மூன்றோ அதற்கு மேலோ தெரிவுகள் இருந்தால், நியாயமான நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்றுகிற தரவரிசை முறை எதுவுமே இருக்க முடியாது என்று 1951இல் பொருளியலாளர் கென்னத் ஆரோ நிறுவினார். எதை முதலில் வாக்குக்கு விடுவது என்று தீர்மானிக்கிறவர் கையில்தான் குடுமி இருக்கிறது.

ஆகவே "மக்கள் தீர்ப்பு" என்று யாராவது உருகினால் எனக்குச் சிரிப்பு வரும். வாக்குச்சாவடி வேலைக்குப் போய் விடிய விடிய உட்கார்ந்தவன் நான். அங்கே வேலை செய்கிறவர்களின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. எண்ணி முடித்த பிறகு அந்த எண்ணுக்கு ஏற்றுகிற பொருளில்தான் சந்தேகம்.

சுண்டெலி:
பள்ளியும் வராமல் அணையும் வராமல் மூன்று பேரும் ஒரு சிலை வைத்துக்கொண்டார்கள் என்று கேள்வி.

ஒற்றையடி:
வாத்தியார் சொன்னது எனக்குத்தான் சாதகம். கூட்டினால் கோணும் என்றால், கூட்டுகிற தலைகளையாவது தேர்ந்தெடுக்கலாமே? பொது விஷயம் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஓட்டு, இல்லையென்றால் அவர்களுக்குக் கூடுதல் ஓட்டு. தனிமனித சுதந்திரத்துக்கு வாதாடிய தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லே படித்தவர்களுக்கு ஒன்றுக்கு மேல் ஓட்டுக் கொடுக்கலாம் என்று சொன்னவர்தான். வண்டி ஓட்டவே உரிமம் கேட்கிறோம்.

இரவல் குடை:
உரிமத் தேர்வு வைத்துப் பார்த்தாயிற்று. அமெரிக்கத் தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்று இருந்தது. காகிதத்தில் எல்லோருக்கும் பொது. கேள்வியைக் கேட்கிறவரும் திருத்துகிறவரும் வெள்ளையர், "தோல்வி" அடைந்தவர்கள் கறுப்பினத்தார். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அதற்கு முடிவு கட்டியது. வண்டி உரிமம் கொடுப்பவருக்கு நான் தேறினாலும் ஒன்றுதான், தேறாவிட்டாலும் ஒன்றுதான். ஓட்டு உரிமம் கொடுப்பவருக்கு அப்படியில்லையே, நான் தேறினால் அவர் நாற்காலி ஆடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டு இல்லாதவரின் கஷ்டம் கெட்டிக்காரர் கண்ணில் படாது. படவில்லை என்பதுகூட அவருக்குத் தெரியாது. சுவிட்சர்லாந்து நேரடி மக்களாட்சிக்குப் பேர்போன நாடு, எதற்கெடுத்தாலும் வாக்கெடுப்பு. அங்கே பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கலாமா என்று 1959இல் ஆண்களிடம் கேட்டார்கள், முடியாது என்றுவிட்டார்கள். 1971இல்தான் தேசிய அளவில் கிடைத்தது. ஒரு மாநிலம் அதற்கும் மசியாமல், 1990இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. அந்த ஆண்கள் தேர்வு எழுதியிருந்தால் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார்கள்.

ஒற்றையடி:
சுவிட்சர்லாந்து உதாரணம் பெரும்பான்மை ஓட்டின் குறையைத்தான் காட்டுகிறது, என் யோசனையின் குறையை இல்லை. ஆனால் தேர்வுத் தாளை யார் எடுப்பது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இரவல் குடை:
நன்றி. அப்படியே பஞ்சத்தையும் பார்த்துவிடலாம். ஓரளவு சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்பது பொருளியலாளர் அமர்த்தியா சென் கவனித்தது. 1943இல் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள், ஆண்டவர்களை அவர்கள் ஓட்டு அசைக்க முடியாது. 1959 முதல் 1961 வரை சீனாவில் கோடிக்கணக்கில் செத்தார்கள். கீழே இருந்த அதிகாரிகள் விளையாத தானியத்தை விளைந்ததாகக் கணக்கெழுதி மேலே அனுப்பினார்கள், மேலே இருந்தவர்கள் அதை நம்பிக் கொள்முதல் செய்தார்கள். இடித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசன் தானே கெடுவான் என்பார்கள். இங்கே அவன் கெடவில்லை, குடிகள்தான் கெட்டார்கள்.

ஒற்றையடி:
பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். அதே சென், இன்னொரு பொருளியலாளரான ஜான் திரேஸுடன் சேர்ந்து எழுதியபோது மற்ற பாதியையும் சொன்னார். பஞ்சத்தைத் தடுத்த இந்தியாவில், சீனாவைவிடக் கூடுதலான அன்றாட இறப்பு விகிதத்தால் மட்டும், எட்டாண்டுக்கு ஒருமுறை சீனப் பஞ்சத்தில் செத்தவர்களைவிட அதிகம் பேர் போய்க்கொண்டிருந்தார்கள் என்று 1980களில் கணக்குப் போட்டார்கள். பிணம் விழுந்தால் பத்திரிகையில் படம் வரும், ஆட்சி ஆடும். குழந்தை எடை குறைந்து, நோஞ்சானாகி, நாலு வயதில் வயிற்றுப்போக்கில் போனால் எந்தத் தேர்தலும் ஆடாது. ஜனநாயகத்துக்குச் சத்தம் கேட்கும், முனகல் கேட்காது. என் மூல வாதம் இதுதான். தேர்வுத் தாளைச் சொல்லி நானே அதைக் கெடுத்துக்கொண்டேன்.

இரவல் குடை:
இதற்கு என்னிடம் சட்டென்று மறுப்பு இல்லை. சீனா அந்த விகிதத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் குறைக்கவும் பஞ்சத்தை வரவழைக்கவும் அதே கை, அதே வேகம். வேகத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது.

குடவோலை:
என் பெயரைப் பார்த்தாலே எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். மூன்று பேரும் ஒரு விஷயத்தை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டீர்கள்: ஜனநாயகம் என்றால் தேர்தல் என்று.

ஏதென்ஸில் அப்படி இல்லை. ஐந்நூறு பேர் கொண்ட ஆட்சிக்குழுவைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள், ஓராண்டுப் பதவி, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் முடியாது. தளபதி போன்ற சில வேலைகளுக்கு மட்டும் தேர்தல். தேர்தல் என்றால் பெயரும் பணமும் உள்ளவன்தான் வருவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள், பத்தாம் நூற்றாண்டு, முதலாம் பராந்தகன் காலம். முப்பது குடும்பு, அதாவது ஊரின் வட்டங்கள். பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். 360 நாள் பதவி. முந்தைய மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைப் போடக் கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும் கூடாது, அவர் உறவினர் பெயர்களும் கூடாது. அந்தக் கடைசி விதியை இன்றைக்கு எந்த நாட்டுச் சட்டத்தில் சேர்த்தாலும் பாதி அவை காலியாகிவிடும்.

வெனிஸிலும் ஒரு சிறுவன் வருகிறான். 1268 முதல் அங்கே தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டும் ஓட்டும் மாறி மாறி. முப்பது பேரைச் சீட்டில் எடு, அதை ஒன்பதாகச் சீட்டில் குறை, அந்த ஒன்பது பேர் நாற்பது பேருக்கு ஓட்டுப் போடட்டும், அதைப் பன்னிரண்டாகக் குறை... இப்படிப் போய்க் கடைசியில் நாற்பத்தொரு பேர் தலைவரைத் தேர்வார்கள். யாரை விலைக்கு வாங்குவது என்று பணக்காரனுக்கே தெரியாது. சீட்டு எடுக்க ஒரு பையன். இரண்டு கடல் தாண்டி இருந்தவர்களுக்கு ஒரே யோசனை வந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம். அந்தக் குடியரசு 1797இல் நெப்போலியன் வரும்வரை நின்றது.

பழங்கதை வேண்டாம் என்றால் அயர்லாந்து. 2016இல் சாதாரணக் குடிமக்கள் 99 பேரைக் குலுக்கலில் எடுத்து, ஒரு நீதிபதியைத் தலைமையில் உட்கார வைத்து, கருக்கலைப்புத் தடையைப் பற்றி விவாதிக்கச் சொன்னார்கள். பெரிய கட்சிகள் தொடப் பயந்த விஷயம். அவர்கள் மாதக்கணக்கில் மருத்துவர், வழக்கறிஞர், இரு பக்கத்து ஆட்கள் எல்லோரையும் கேட்டு, தடையை நீக்கலாம் என்றார்கள். 2018இல் மக்கள் வாக்கெடுப்பில் 66.4 விழுக்காடு அதற்கு ஆம் சொன்னது. ஒற்றையடி கவலைப்பட்டாரே, எவரும் படிக்க மாட்டார்கள் என்று? ஒரு கோடியில் ஒரு ஓட்டு என்றால் படிக்க மாட்டேன். 99இல் ஒன்று என்றால் படித்துத்தான் ஆக வேண்டும். மறுதேர்தல் கவலையும் கிடையாது.

இரவல் குடை:
உத்தரமேரூர்க் குடத்துக்குள் யார் பெயர் போனது என்பதையும் சொல்லுங்களேன். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35இலிருந்து 70 வயது, வேதப் படிப்பு. அது பிராமணர் சபை. உழுதவர் பெயர் ஓலையிலேயே ஏறவில்லை. ஏதென்ஸில் பெண், அடிமை, வெளியூர்க்காரர் யாரும் கிடையாது. குடம் நியாயமானதுதான். ஓலை எழுதிய கை யாருடையது?

அப்புறம், கி.மு. 399இல் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுக்கச் சொன்னதும் சீட்டில் வந்த நடுவர்கள்தான்.

குடவோலை:
ஓலையில் இன்றைக்கு எல்லார் பெயரையும் எழுதலாமே. முறையில் உள்ள பழுதையும் அந்தக் காலத்துப் பழுதையும் கலக்காதீர்கள். அப்படிக் கலந்தால் தேர்தலும் தப்பாது. சாக்ரடீஸை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஏழு ஆண்டு முன்னால், கி.மு. 406இல், கடற்போரில் ஜெயித்து வந்த தளபதிகள் ஆறு பேரை, மூழ்கியவர்களை மீட்கவில்லை என்று கொன்றது முழு மக்கள் சபை, சீட்டு இல்லை. பிறகு வருந்தினார்கள். கோபம் எல்லா அவையிலும் ஏறும்.

கணக்குவாத்தியார்:
குலுக்கலுக்கு நான் ஓரளவு ஆதரவு; மாதிரி எடுக்கும் கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் அவை சொன்னதை யார் செயல்படுத்துவது? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004இல் குலுக்கலில் வந்த 160 பேர் ஓராண்டு உட்கார்ந்து, தேர்தல் முறையையே மாற்றும் திட்டம் ஒன்று கொடுத்தார்கள். மறு ஆண்டு வாக்கெடுப்பில் 57 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு. திட்டம் செத்துப் போனது, ஏனென்றால் 60 வேண்டும் என்று முன்கூட்டியே கோடு போட்டிருந்தார்கள். கோடு போட்டது அந்த முறையில் ஜெயித்து வந்தவர்கள். நான் சொன்ன அதே குடுமிதான்.

இரவல் குடை:
என் பயம் அது இல்லை. சீட்டில் வந்த ஆளை நான் எப்படித் தண்டிப்பது? இந்தியாவில் 1975இல் நெருக்கடி நிலை வந்தது. உரிமைகள் முடங்கின, ஆட்களைப் பிடித்து வலுக்கட்டாயமாகக் கருத்தடை செய்தார்கள். 1977இல் தேர்தல் வைத்ததும் எழுத்தறியாத கோடிக்கணக்கானவர்கள் அந்த ஆட்சியைத் தூக்கினார்கள். திட்டம் படித்துத் தூக்கவில்லை, பட்டுத் தூக்கினார்கள். ஓட்டு என்பது நல்லவரைக் கொண்டுவரும் கருவி என்று எதிர்பார்ப்பதால்தான் ஒற்றையடிக்கு ஏமாற்றம். அது விரட்டும் கருவி. சீட்டில் வந்தவர் நாளைக்கே கூட்டத்தில் கலந்துவிடுவார், யாரை விரட்டுவேன்?

ஒற்றையடி:
இப்படிப் பார்த்தால் என் பிளேட்டோவுக்கும் பாதி பதில் வந்துவிட்டது. மாலுமியைப் பிடித்து வர ஓட்டு உதவாது, கரையில் இறக்கிவிட உதவும். ஆனால் விரட்டிய இடத்தில் யாரை வைப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே. விரட்ட ஓட்டு, நீண்ட காலத் திட்டங்களுக்குச் சீட்டு அவை, நடத்த நிபுணர் என்று மூன்றாகப் பிரித்தால்? வட்டி விகிதத்தை 1997இல் பிரிட்டன் அரசியல்வாதிகள் கையிலிருந்து எடுத்து மத்திய வங்கியிடம் கொடுத்தது. யாரும் அதைச் சர்வாதிகாரம் என்று சொல்லவில்லை.

சுண்டெலி:
குடவோலைக்கு ஒரே கேள்வி. குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்தது என்று வையுங்கள். ஓராண்டு, எல்லா வார இறுதியும், ஓய்வூதியச் சட்டம் பற்றி. போவீர்களா?

குடவோலை:
உண்மையைச் சொன்னால், சம்பளமும் வேலைக்குப் பாதுகாப்பும் கொடுத்தால் போவேன். இல்லையென்றால் ஏதாவது சாக்குச் சொல்வேன். ஏதென்ஸிலேயே நடுவர்களுக்குத் தினப்படி கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஏழைகளால் வர முடிந்தது.

சுண்டெலி:
அப்படியானால் அந்தச் சம்பளத்துக்கு நிதி ஒதுக்க ஓட்டுப் போட வேண்டியவர்கள், உங்கள் குடம் யாரை வீட்டுக்கு அனுப்பப் போகிறதோ அவர்களே.

குடவோலை:
ஆமாம். அந்த இடத்தில்தான் நானும் பல நாளாக நிற்கிறேன்.